பாத யாத்திரையில் அரசியல் கதைக்கலாமா? முதல்முறை நடப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் தென்கிழக்கில் இருக்கிற கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடந்து போகிற பாத யாத்திரைக்கு முதல்முறை ஆயத்தமாகிறவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் உடம்பைப் பற்றியவை. வெறுங்காலோடுதான் நடக்க வேண்டுமா, கொப்பளம் வந்தால் என்ன பூசுவது, காட்டோரம் இருக்கிற உகந்தை முருகன் கோயிலுக்கு அப்பால் காட்டுக்குள் தண்ணீர் கிடைக்குமா, இரவில் யானை வருமா. இவற்றுக்குப் பதில் சொல்ல மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஊருக்கு ஊர் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். வாய் சம்பந்தமான கேள்வியை யாரும் கேட்பதில்லை. முன்பின் தெரியாத ஆக்களோடு நாள்கணக்கில் நடந்து, ஒரே பானைச் சோறு சாப்பிட்டு, ஒரே மரத்தடியில் படுக்கும்போது எதைக் கதைப்பது, எதை எப்போது விடுவது? கால் வலியால் பாதியில் பஸ் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசியல் தர்க்கத்தால் குழுவை விட்டு விலகித் தனியே நடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கால் வலிக்காரர் அடுத்த வருடம் திரும்பி வருவார். தர்க்கப்பட்டவர்கள் ஊருக்கு வந்த பிறகும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை.

“யாத்திரையில் அரசியல் வேண்டாம், முருகனை மட்டும் நினை” என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நாங்கள் நடக்கிற வீதி அப்படிப்பட்டது. யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் புறப்படுகிற வேல், முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு வந்து, கல்முனை, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று உகந்தைக்குப் போய், குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் சேர்கிறது. 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை நடந்த பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான பேரணியும் பல இடங்களில் இதே வழியைத்தான் மறுதிசையில் பிடித்தது. பொலிகண்டியிலிருந்து செல்வச்சந்நிதிக்குச் சில கிலோமீற்றர்தான். காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாவை எரித்தது என்று அந்தப் பேரணி தூக்கிய விஷயங்கள் இந்த வீதியின் இரு பக்கத்து ஊர்களுடையவை. அந்த ஊர்களுக்குள்ளால் நடந்துகொண்டு அவற்றைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது நடக்கிற காரியமில்லை. நல்ல காரியம் என்றும் எனக்குப் படவில்லை.

ஆகவே கதைக்கலாம். எங்கே, யாரோடு, எப்போது என்பதைப் பழகிக்கொள்ள வேண்டும். அதற்கு நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான்: கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் பிடிக்காவிட்டால் விலகிப் போக வழி இருக்கிறதா? வீதியில் இருக்கிறது. அன்னதானப் பந்தியில் இல்லை. காட்டுக்குள் அறவே இல்லை. கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான்.

புறப்படும் முன்

பெயர் கொடுக்கும் முன் குழுவைப் பற்றி விசாரியுங்கள். சந்நிதியிலிருந்தே வேலோடு வருகிற பெரிய குழுக்கள் உண்டு. கோயில் சார்ந்த குழுக்கள் உண்டு. ஒரு தெருவைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பொத்துவிலிலோ உகந்தையிலோ தொடங்குவதும் உண்டு. செலவை யார் பார்க்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். அரசியல்வாதி ஒருவர் லொறிக்கும் அரிசிக்கும் காசு கொடுத்திருந்தால் அவர் படம் போட்ட பனர் லொறியில் தொங்கும். வழியில் அவர் வந்து நின்றால் சேர்ந்து படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். உங்களுக்கு அது சரி என்றால் போங்கள். சரியில்லை என்றால் வழியில் வைத்து முகம் சுளிப்பதை விட, ஊரிலேயே வேறு குழு பார்ப்பது இரு பக்கத்துக்கும் மரியாதை.

உடுப்பில் காவி, வெள்ளை, மஞ்சள் எதுவானாலும் பரவாயில்லை. கட்சிச் சின்னமும் தலைவர் முகமும் போட்ட ரீசேட், தொப்பி, துவாய் வேண்டாம். தேர்தலில் சும்மா கிடைத்ததுதானே, நடந்து கிழியட்டும் என்று கொண்டுவருவார்கள். அதைப் பார்த்த எல்லோரும் உங்களைக் கட்சிக்காரராகத்தான் எடுப்பார்கள். அதன் பிறகு “இந்த வீதியைத் திருத்தலாம்” என்று நீங்கள் சாதாரணமாகச் சொன்னாலும் அந்தச் சின்னம் சொன்னதாகவே காதில் விழும்.

வாட்ஸ்அப் குழுவை யாத்திரைத் தகவலுக்கு மட்டும் என்று தொடக்கத்திலேயே எழுதிப் போடச் சொல்லுங்கள். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் என்று அடுத்தடுத்து வந்த காலத்தில், எங்கே தங்குவது, யார் மருந்து கொண்டுவருவது என்று கதைக்கத் தொடங்கிய குழுக்களுக்குள் வேட்பாளர் படங்கள் வந்து விழுந்தன. யாத்திரை தொடங்குமுன்பே ஆக்கள் பக்கம் பிரிந்துவிட்டால் பிறகு சேர்ப்பது கஷ்டம்.

முதல் நாள்: பெயரும் ஊரும்

நடை தொடங்கியதும் எல்லோரும் சாமிதான். வங்கி முகாமையாளரும் சாமி, மீன் வியாபாரியும் சாமி, பள்ளிக்கூடப் பெடியனும் சாமி. பெண்களை அம்மா என்பார்கள், சாமி என்றும் கூப்பிடுவார்கள். இந்த வழக்கத்தை வெறும் பக்திச் சொல்லாக எடுக்காமல் முழுமையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஜோர்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து போகும் அப்பலாச்சியன் நெடும்பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர். முழுவதும் நடந்து முடிக்க ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும். அங்கே நடப்பவர்களும் ஊர்ப் பெயரை விட்டுவிட்டுப் பாதைக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். பாதையோரத் தங்குமடத்தில் இரவு அரசியல் கதைக்கலாமா என்ற பிணக்கு அவர்களுக்கும் உண்டு. நாள்கணக்கில் நடக்கிற எந்தக் கூட்டத்துக்கும் ஊர் அடையாளத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கத் தேவை வருகிறது.

எந்த ஊர் என்று கேட்பது இயல்பு. அதற்கடுத்த கேள்விகளில்தான் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்தில் “எந்தப் பகுதி, ஆருடைய ஆக்கள், என்ன குடி” என்று கேட்டால் சாதி வரைக்கும் தெரிந்துவிடும். “தொண்ணூறில எங்க இருந்தீங்க” என்று கேட்டால் அவர் குடும்பம் எந்த இயக்கத்தில் யாரைக் கொடுத்தது, யாரால் யாரை இழந்தது என்பதும் வெளியே வந்துவிடும். அவர் தாமாகச் சொல்லும் வரை விடுங்கள். யாருக்கு வாக்குப் போட்டீர்கள் என்பது கேட்கவே கூடாத கேள்வி. உங்களிடம் யாராவது கேட்டால் “அது பெட்டிக்குள்ள இருக்கட்டும் சாமி” என்று சொல்லிச் சிரித்துவிட்டு நடையைப் போடுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வீதியில் நடக்கும்போது

அரசியல் கதைக்க ஏற்ற இடம் வீதிதான். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். விடியுமுன் எழும்பி நடந்து, வெயில் ஏறுமுன் ஒரு கோயிலில் ஒதுங்கி, பின்னேரம் மீண்டும் நடப்பதுதான் வழக்கம். அந்த விடியப்புற நடையில் இரண்டு இரண்டு பேராகக் கதைத்துக்கொண்டு போவார்கள். முகம் பார்க்கத் தேவையில்லை, இரண்டு பேரின் கண்ணும் வீதியில். இடையில் பேச்சு நின்றாலும் சங்கடமில்லை. பிடிக்காதவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தால் போதும், நீங்கள் முன்னே போய்விடுவீர்கள், அவர் பின்னால் வருபவரோடு சேர்ந்துகொள்வார். அப்படிக் குனிந்தவரைக் காத்து நின்று கதையைத் தொடராதீர்கள். அது அவர் சொன்ன பதில்.

இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆள் சேர்ந்தால் ஒருவர் வாகனம் போகிற பக்கம் தள்ளப்படுவார். அதை விட முக்கியம், மூன்று பேரானதும் ஒருவருக்கு முன்னால் மற்றவர் விட்டுக்கொடுக்காத நிலை வந்துவிடும். தனியே “நீங்கள் சொல்றதும் சரிதான்” என்று ஒப்புக்கொண்ட மனுஷன், பார்க்க ஆள் வந்ததும் குரலை உயர்த்துவதை இந்த வீதியில் பலமுறை கண்டிருக்கிறேன்.

என்ன கதைப்பது? கட்சியை விட்டுவிட்டு ஊரைப் பிடியுங்கள். மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் போராட்டம் தொடங்கினார்கள். உங்களோடு நடப்பவர் பட்டிக்காரராக இருந்தால் மாடு எங்கே மேய்கிறது, பால் எவ்வளவு குறைந்தது, வெட்டுக்காயத்தோடு வந்த மாட்டுக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். பாணமையில் 2010இல் படையினருக்காகக் காணி இழந்தவர்கள் பெரும்பாலும் சிங்கள விவசாயக் குடும்பங்கள். இதைக் கேள்விப்படாத தமிழ் யாத்திரிகர்கள் நிறையப் பேர். காணி போன கதையை ஒரு சிங்களவர் சொல்லக் கேட்டால், நாங்கள் சொல்லிக்கொண்டு வந்த பல வசனங்களை மாற்ற வேண்டி வரும். நான் கண்டது, என் வீட்டில் நடந்தது என்று தொடங்குகிற கதை எங்கேயும் போகலாம். “அவனுகள்” என்று தொடங்குகிற கதை சண்டையில்தான் நிற்கும்.

இடம் பார்த்தும் கதையுங்கள். தமிழர் பகுதிக்கான கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுச் செயலகமாகத் தரமுயர்த்தக் கேட்டு 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது. அது தமிழர்களுக்கு ஒரு நியாயம், முஸ்லிம்களுக்கு வேறொரு நியாயம். கல்முனைச் சந்தைக்குள்ளால் நடக்கும்போது சத்தமாக அதைத் தொடங்குவது, வீட்டுக்காரரின் முற்றத்தில் நின்று அவர் காணி எல்லையைப் பற்றி வாதாடுவதற்குச் சமம். காரைதீவு கடந்து கதையுங்கள். நேரம் நிறைய இருக்கிறது.

யாராவது 1990ஐத் தொடங்கினால்

இந்த இடத்தில் ஆறுதலாக வாசியுங்கள். புதியவர்களில் பலர் அந்த ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்கள்.

வடக்கிலிருந்து வருகிற வழியில் வந்தாறுமூலை வரும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. அப்புறம் ஏறாவூர். ஓகஸ்டில் ஓர் இரவில் முஸ்லிம் குடும்பங்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. சத்துருக்கொண்டான், செப்டெம்பர் 9. அங்கே குழந்தைகளோடு கொல்லப்பட்ட தமிழர்கள் நூற்றுக்கும் மேல். நகரத்தைக் கடந்தால் காத்தான்குடி. ஓகஸ்ட் 3ஆம் திகதி பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். அதற்கும் அப்பால் குருக்கள்மடம், ஜூலையில் வீதியில் மறிக்கப்பட்டுக் காணாமல் போன முஸ்லிம்கள். காரைதீவிலிருந்து உள்ளே திரும்பினால் வீரமுனை, ஓகஸ்டில் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்து கொல்லப்பட்ட தமிழர்கள். செய்தது சில இடத்தில் இராணுவம், சில இடத்தில் ஊர்காவல் படை, சில இடத்தில் புலிகள். ஒரே கோடைகாலம், நாங்கள் நடக்கும் ஒரே வீதி.

இந்த ஊர்களில் ஒன்றைக் கடக்கும்போது பக்கத்தில் நடப்பவர் திடீரென்று கதைக்கத் தொடங்கலாம். அல்லது அதுவரை கலகலவென்று வந்தவர் ஒன்றும் கதைக்காமல் போகலாம். நீங்கள் செய்ய வேண்டியது கேட்பது மட்டும். ஒருவர் சத்துருக்கொண்டானைச் சொன்னால் பதிலுக்குக் காத்தான்குடியைச் சொல்லாதீர்கள். ஒருவர் காத்தான்குடியைச் சொன்னால் பதிலுக்கு வீரமுனையைச் சொல்லாதீர்கள். இரண்டும் நடந்தவை, இரண்டுக்கும் நியாயம் வேண்டும். ஆனால் ஒருவர் தன் தங்கச்சியைப் பற்றிச் சொல்லும் வேளையில் இன்னொரு ஊரின் கணக்கைக் கொண்டுவந்து வைப்பது அந்தத் தங்கச்சியை மறுபடி புதைப்பது. அடுத்த நாள், வேறொரு நடையில், நீங்கள் அறிந்ததைச் சொல்லலாம். அன்றைக்கு வேண்டாம்.

“பழசைக் கிளறாதீங்க, முருகனை நினைங்க” என்று யாராவது குறுக்கிட்டால் மெதுவாகச் சொல்லுங்கள், அவ முருகனைத்தான் நினைக்கிறா என்று. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக நேர்த்தி வைத்து நடக்கும் தாய்மார் இந்த யாத்திரையில் உண்டு. பிள்ளையின் படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நடப்பார்கள். அவர்களுடைய வேண்டுதல் முழுவதும், “என்ர பிள்ளை எங்க எண்டு ஒரு பதில் வேணும் முருகா” என்ற ஒரு வரிதான். அதை அரசியல் என்று சொல்லித் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. அதை வைத்துக் கட்சிப் பேச்சுப் பேசவும் உரிமையில்லை. அவர் அழுதால் தண்ணீர்ப் போத்தலை நீட்டுங்கள், பையைத் தூக்கிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்காதீர்கள். படம் எடுக்காதீர்கள்.

வடக்கும் கிழக்கும் ஒரே குழுவில் இருந்தால்

தமிழருக்குள் இதைவிடக் கூரான விஷயம் இல்லை. சந்நிதியிலிருந்து வருகிறவர்களும் மட்டக்களப்பில் சேருகிறவர்களும் ஒன்றாக நடக்கும்போது, இரண்டாம் மூன்றாம் நாளில் யாராவது 2004ஐத் தொடுவார்கள். அந்த வருடம் மார்ச்சில் புலிகள் இயக்கம் வடக்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிந்தது. ஏப்ரலில் வெருகலில் தமிழ்ப் பெடியன்களே ஒருவரையொருவர் சுட்டுச் செத்தார்கள். வெருகல் முருகனைக் கும்பிட்டு, அதே ஆற்றைக் கடந்துதான் யாத்திரை கிழக்கே வருகிறது. வடக்கிலிருந்து வருபவர் அதைத் துரோகம் என்ற ஒற்றைச் சொல்லில் முடிப்பார். மட்டக்களப்பார் ஒருவர், கிழக்குப் பெடியன்களை முன்னுக்கு அனுப்பிச் சாகவிட்டீர்கள் என்பார். இரண்டு வசனமும் முடிகிற இடத்தில் கேட்பவருடைய வீட்டில் யாரோ செத்திருப்பார்கள்.

வடக்கிலிருந்து வரும் புதியவருக்கு: கிழக்கில் நடக்கும்போது அந்தப் பிரிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மட்டக்களப்புத் தமிழைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அதுவும் அரசியல்தான், அதன் காயம் பழையது. கிழக்கைச் சேர்ந்த புதியவருக்கு: வடக்கிலிருந்து வருபவர் முள்ளிவாய்க்காலில் யாரை விட்டுவிட்டு வருகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. “யாழ்ப்பாணத்தார் எண்டாலே” என்று தொடங்க வேண்டாம். சமையலில் இருந்து தொடங்குங்கள். எங்கள் பக்கத்துத் தயிரையும் மீன் சொதியையும் கொடுத்து, அவர்களுடைய ஒடியல் மாவை வாங்கிப் பாருங்கள். அப்படிச் சாப்பிட்டவர்கள் பிறகு வெருகலைப் பற்றிக் கதைத்தாலும் குரல் உயராமல் கதைப்பார்கள்.

முஸ்லிம் ஊர்களும் அன்னதானப் பந்தியும்

மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, பொத்துவில் என்று தமிழ் ஊர்களுக்கிடையே முஸ்லிம் ஊர்கள் வரும். வீட்டு வாசலில் தண்ணீரோ குளிர்பானமோ வைத்துக்கொண்டு நிற்பார்கள். காக்கா, நானா, தங்கச்சி என்று எங்களூரில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு வாங்கிக் குடியுங்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி வாழ்ந்தோம் என்று மேடையில் சொல்லுகிறதை அங்கே எடுத்துவிடத் தேவையில்லை. கோடை வெயிலில் ஒரு குவளை தண்ணீர் தருபவருக்கு நன்றியும், அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்ற விசாரிப்பும் போதும். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளைப் பற்றி, குண்டு வெடித்த மட்டக்களப்புச் சியோன் தேவாலயத்தைப் பற்றி, சாய்ந்தமருதில் நடந்ததைப் பற்றி உங்களுக்குள் கேள்விகள் இருக்கலாம். அவற்றுக்கு அந்த வாசலில் நிற்கும் மனுஷன் பொறுப்பாளி இல்லை.

அன்னதானப் பந்தியில் அரசியல் வேண்டாம். பந்தலில் யார் படம் தொங்கினாலும் சரி. சாப்பிடுகிறவர் எழும்பிப் போக முடியாது, பரிமாறுகிறவரும் பதில் சொல்ல முடியாது. பிடிக்காத ஆளின் சோறு என்றால் அடுத்த பந்தல் வரை நடவுங்கள்.

பொலிஸ், படை, தொலைபேசி

வழியில் பொலிஸ் காவல் இருக்கும். உகந்தையில் காட்டுக்குள் போகிறவர்களின் பெயர்களைப் பதிவார்கள். படையினர் தண்ணீர் தருவார்கள், முதலுதவி செய்வார்கள். வாங்க விருப்பமானவர் வாங்கட்டும், விருப்பமில்லாதவர் பணிவாக வேண்டாம் என்று சொல்லட்டும். மகனைச் சுற்றிவளைப்பில் இழந்த தாய் ஒருத்தி சீருடைக்காரனின் கையால் தண்ணீர் வாங்க மறுத்தால், “வாங்குங்க அம்மா, அவங்களும் மனுசர்தானே” என்று யாரும் நெருக்கக் கூடாது. அதே மாதிரி அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தவரையும் பழிக்கக் கூடாது.

தொலைபேசியில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. வீதியில் ஒருவர் நம்பிச் சொன்னதைப் பதிவுசெய்து முகநூலில் போடாதீர்கள், அவர் முகம் தெரியாவிட்டாலும். 1979இல் தற்காலிகமாக என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் பல பத்தாண்டுகள் எங்களை விட்டுப் போகவில்லை. 2021 மே 18 அன்று கிரான் கடற்கரையில் விளக்கேற்றி முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தவர்கள் அந்தச் சட்டத்தில் கைதாகி மாதக்கணக்கில் சிறையில் இருந்தார்கள். யாத்திரையை நேரலையில் காட்டுகிற தம்பிமாருக்கு இதைச் சொல்லி வையுங்கள்: வேலைக் காட்டுங்கள், பாதையைக் காட்டுங்கள், பக்கத்தில் நடப்பவரின் பேச்சைக் காட்டாதீர்கள். மைக்கை நிறுத்திவிட்டு எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உகந்தைக்கு அப்பால்

காட்டுப்பாதை திறக்கும் திகதியும் மூடும் திகதியும் ஒவ்வொரு வருடமும் அதிகாரிகளின் கூட்டத்தில் முடிவாகும். நாள் குறைந்தால், பிந்தினால் சர்ச்சை வரும். அந்தச் சர்ச்சையை உகந்தைமலை அடிவாரத்திலேயே கதைத்து முடித்துவிட்டு உள்ளே போங்கள்.

உள்ளே போனால் வாகூரவட்டை, குமண, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று நான்கைந்து நாள், சிலருக்கு ஆறு நாள். கும்புக்கன் ஆற்றைக் கடந்தால் யால. தனியே பிரிந்து நடப்பது ஆபத்து. யானையும் கரடியும் இருக்கிற காடு. கோபித்துக்கொண்டு முன்னால் போகவோ பின்னால் நிற்கவோ கூடாத இடம் இது. அதனால்தான் காட்டுக்குள் தர்க்கமாகக் கூடிய எதையும் தொடங்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வீதியில் பிடிக்காதவர் பின்னால் ஒதுங்கினார். இங்கே ஒதுங்கினால் அவர் உயிருக்குப் பொறுப்பு யார்?

இரவில் ஆற்றோரம் தங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பகல் முழுக்கத் தாகம், களைப்பு, சிலருக்குக் காய்ச்சல். சாப்பாடு பிந்தும். அந்த நேரத்தில் சின்னச் சொல்லும் பெரிதாக விழும். படுத்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. பக்கத்து மரத்தடியில் சிங்களக் குடும்பம் ஒன்று படுத்திருக்கலாம். தமிழ் விளங்காது என்று நினைத்துச் சத்தமாகக் கதைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் பலருக்கு விளங்குகிறது. பாணமையில் தமிழும் சிங்களமும் கலந்த குடும்பங்கள் நிறைய. அவர்களும் அரோகரா என்றுதான் சொல்லி நடக்கிறார்கள்.

காட்டுக்குள் கதைக்க வேறென்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எந்த ஊற்றில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, நாளைக்கு எத்தனை மணிக்கு எழும்புவது, அரிசி எவ்வளவு மிச்சம். நான்கு நாளைக்கு இதுவே தாராளம்.

தர்க்கம் மூண்டுவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் மூளும். அப்போது சமாதானப் பேச்சுப் பேசாதீர்கள், அது இருவரையும் மேலும் சூடாக்கும். ஒருவருக்கு வேலை கொடுங்கள்: “சாமி, அந்தத் தண்ணிக் கேனை ஒருக்காத் தூக்குங்க.” மற்றவரை வரிசையின் முன்னுக்கு அனுப்புங்கள். வேல் தூக்குபவர் அரோகரா சொன்னால் எல்லோரும் சொல்ல வேண்டி வரும், பேச்சு அறுந்துவிடும். அந்த இடைவெளி போதும். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும்படி உங்களைக் கேட்டால், “எனக்குத் தெரிஞ்சது உங்க ரெண்டு பேருக்கும் பசி” என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இரவு படுக்குமுன் மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். விடிய முதலில் எழும்புகிறவர் மற்றவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால் சரி. ஒருவர் சாதியையோ சமயத்தையோ சொல்லி இழிவாகப் பேசியிருந்தால் மட்டும் கதை வேறு. அதைத் தேத்தண்ணியால் மூடக் கூடாது. குழுவின் மூத்தவர் எல்லோருக்கும் முன்னால் கண்டிக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்கள் இழிவுபடுத்தப்பட்டவரின் பக்கத்தில் போய் நடவுங்கள்.

கதிர்காமத்திலும் திரும்பும் பஸ்ஸிலும்

மாணிக்க கங்கையில் குளித்து வீதிக்கு வந்ததும் இன்னொரு அரசியல் காத்திருக்கும்: இது யாருடைய கோயில்? சிங்களப் பூசகர்களான கப்புறாளைமார் பூசை செய்கிறார்கள், பக்கத்தில் பள்ளிவாசல், அப்பால் பௌத்தர்களின் கிரி விகாரை, தெய்வானை அம்மன் கோயில். கதிர்காமம் தமிழருடைய கையை விட்டுப் போய்விட்டது என்ற வருத்தம் வயசான யாத்திரிகர்களிடம் ஆழமாக இருக்கிறது. நியாயமான வருத்தம் அது, மறைக்கத் தேவையில்லை. வெளிவீதியில் சனத்துக்கு நடுவே சத்தமாகச் சொல்வதை விட, திரும்பும் வழியில் அவர்களைப் பேசவிட்டுக் கேளுங்கள். அவர்கள் சின்ன வயசில் கண்ட கதிர்காமத்தைச் சொல்வார்கள். எங்கும் எழுதப்படாத விவரங்கள் அவர்களிடம் இருக்கின்றன.

திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் எல்லாவற்றையும் கதைப்பார்கள். நடை முடிந்துவிட்டது, காலும் வாயும் இளகிவிடும். பஸ்ஸிலும் எழும்பிப் போக முடியாதுதான். ஆனால் நித்திரை கொள்ளலாம். நித்திரை கொள்கிறவரை எழுப்பாதீர்கள்.

ஊருக்கு வந்த பிறகு கணக்குப் பார்க்க ஒரு கூட்டம் நடக்கும். மிஞ்சிய காசை என்ன செய்வது, அடுத்த வருடம் யார் பொறுப்பு என்று அங்கே முடிவாகும். வழியில் தர்க்கப்பட்ட இருவரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். ஒருவரை மட்டும் கூப்பிட்டால் மற்றவர் அடுத்த வருடம் தன் ஆக்களைச் சேர்த்துக்கொண்டு வேறு குழு தொடங்குவார்.